அப்பா தலையில் நீ வைத்த கத்திரி

நீலசந்திரா, பெங்களூர்
18.11.2002

அன்பு மகள் தமயந்திக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எனக்கு உடம்பு நலம், மனசுதான் நலமில்லை. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் நலமாகத்தான் இருப்பீர்கள், அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அப்பாவின் தலைமுடிக்கு யோசனை சொல்ல உனக்குத் தெம்பு இருக்கிறதே. வெள்ளிக்கிழமை நீ போன் பண்ணும்போது நாலு வார்த்தை கேட்கலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் லீவு முடிந்து திரும்பும் உன் சிநேகிதி பிரிஜெட்டிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே கறிவேப்பிலைப் பொடியும் வைத்திருக்கிறேன். கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், பொடியை வீணாக்காமல் சாப்பிடு.

போன மாதம் அப்பாவிடம் நீ என்ன சொன்னாய்? நீ போனில் கத்துகிற கத்தல் எனக்குச் சமையலறை வரைக்கும் கேட்டது. பக்கவாதம் வந்து வலது கை தூக்க முடியாதவருக்கு எதற்கு இவ்வளவு முடி, ஒட்ட வெட்டிக்கொண்டால் எண்ணெய் வேண்டாம், சீப்பு வேண்டாம், ஈரத் துண்டால் துடைத்தால் போதும், எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் இப்படித்தான் என்றாய். பக்கத்தில் ரெண்டாம் நம்பர் மெஷின், மேலே நாலாம் நம்பர், முன்னால் மட்டும் கொஞ்சம் விட்டு நிமிர்த்திவிடச் சொல்லுங்கள் என்று படம் வரைந்து காட்டாத குறைதான். அதோடு விட்டாயா? அம்மா பாவம், தினமும் உங்களுக்குத் தலை வாரிவிட வேண்டியிருக்கிறது, அவளுக்கு ஒரு வேலையாவது குறையட்டும் என்று வேறு சேர்த்துக்கொண்டாய். யாரடி கேட்டது உன்னை? தண்ணீர் வரவில்லை என்று புலம்பியிருக்கிறேன், காஸ் வரவில்லை என்று புலம்பியிருக்கிறேன், தலை வாருவதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? சட்டைப் பையில் சீப்பு இல்லாமல் வாசல் தாண்டாத மனுஷன், கை முடங்குகிற வரைக்கும் என்னைக்கூடத் தலையில் கை வைக்க விடாதவர், மகள் சொன்னால் மட்டும் கேட்டுவிடுவாரா என்று நானும் அசட்டையாக இருந்துவிட்டேன். கேட்டுவிட்டார்.

நான் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, அவரோடு பாக்டரியில் வேலை பார்த்த கோவிந்தன் மாமா ஆட்டோ வைத்து சலூனுக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். சலூன்காரர் சுவரில் ஒட்டியிருந்த படங்களைக் காட்டி இந்த மாதிரியா அந்த மாதிரியா என்று கேட்க, உன் அப்பா வாயே திறக்காமல் இடது கை விரலால் ரெண்டு, நாலு என்று காட்டினாராம். மாமாவுக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பு. முடி வெட்டினால் குளிக்காமல் வீட்டுக்குள் காலை வைக்கக் கூடாது என்று நான் உங்களையெல்லாம் வாசலில் நிறுத்துவேனே, இந்த நிலைமையிலும் அதை மறக்காமல் வெளியே ஸ்டூல் போட்டு வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பையோடு வந்த எனக்கு முதுகும் மொட்டைக்கு ஒரு விரல்கடை கூடின தலையும்தான் தெரிந்தது. மீட்டர் பார்க்க வந்த ஆள் என்று நினைத்து, யாரு பேக்கு ரீ என்று கன்னடத்தில் ஒரு அதட்டுப் போட்டேன். கட்டின புருஷனைப் பார்த்து யார் வேண்டும் என்று கேட்டேனடி! அவர் திரும்பவே இல்லை. நீனே பேக்கு என்றார், நீதான் வேண்டுமாம். எதிர்வீட்டு காந்தா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். எனக்கும் சிரிப்புதான் வந்தது. அன்றைக்கு அப்படிப் பேசினவர் அதற்கப்புறம் என்னிடம் முழுசாக ஒரு வாக்கியம் பேசவில்லை, தெரியுமா உனக்கு?

எப்படித் தெரியும், போனில் அவர் ம் என்பதே உனக்குப் போதுமாக இருக்கிறது. ஆடியில் விழுந்ததிலிருந்து அவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சும் குழறுகிறது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று துண்டால் மூடிக்கொள்கிறார், சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டார். பேசப் பேசத்தான் நாக்கு திரும்பும், பேசவிடுங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். யாருடைய முகத்தைப் பார்த்து அவர் பேசுவார்? ஆனால் காலையில் ஜன்னலோரம் உட்காரவைத்து நான் பின்னால் நின்று தலை வாரினால் மட்டும் பேசுவார். என் முகம் அவருக்குத் தெரியாது, அவர் வாய் எனக்குத் தெரியாது. முதலில் வகிடு கோணல் என்று திட்டுவார். அப்புறம் பாக்டரிக் கதை, மாடிவீட்டுச் சண்டை, உன் சின்ன வயசு அடம் என்று வந்துகொண்டே இருக்கும். ஒரு நாள், நான் விழுந்தபோது பயந்துபோய்விட்டாயா என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் என் பயத்தைப் பற்றி அவர் கேட்டதே இல்லை. நான் வாரி முடித்த தலையைக் கலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாருவேன், பேச்சு நின்றுவிடக் கூடாதே என்று.

அதைத்தான் நீ எனக்கு வேலை என்று நினைத்து எடுத்துவிட்டாய். இப்போது இடது கையாலேயே ஈரத் துண்டை எடுத்துத் தலையை ஒரு துடை துடைத்துவிட்டு, பார்த்தாயா என்கிற மாதிரி என்னைப் பெருமையாகப் பார்க்கிறார். எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்னால் போய் நின்றால் தலையை நகர்த்திக்கொண்டு, நீ போய் உட்கார் என்று கையைக் காட்டுகிறார். எனக்கு வேலை மிச்சம் பண்ணுகிறாராம். எனக்காகவே செய்தவரிடம் நான் எப்படிக் கோபித்துக்கொள்வது? அதனால்தான் மொத்தத்தையும் உன் தலையில் கொட்டுகிறேன். நேராக அவரிடமே சொல்லலாமே என்பாய். பேச்சுக்காகத்தான் நான் வாரிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தால் அந்த மனுஷன் கூச்சத்தில் ம் என்று சொல்வதையும் விட்டுவிடுவார். இத்தனை பேஷண்டைப் பார்க்கிற உனக்குப் பெற்ற அப்பாவைத் தெரியவில்லையே என்றுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பிரிஜெட் அவரை போட்டோ எடுத்திருக்கிறாள், கொண்டுவந்து காட்டுவாள். பார்த்ததும் உனக்குப் பிடித்துவிடும். நெற்றி அகலமாகி, நரைகூட எடுப்பாக, பத்து வயசு குறைந்த மாதிரிதான் இருக்கிறார். தெருவே சொல்கிறது. அது வேறு எனக்கு எரிச்சல். இருந்தாலும் வருகிற வெள்ளிக்கிழமை போனில், அப்பா, உங்களுக்கு இந்த கிராப் நன்றாகவே இல்லை, பழையபடி வளர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல். அரைமனசாகச் சொல்லாமல் அழுத்திச் சொல், வெட்டச் சொன்னவள் சொன்னால்தான் வளர்ப்பார்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள், அந்த அம்மன் உங்களுக்குத் துணை இருப்பாள். நைட் டூட்டி முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே. நன்றாக இல்லை என்று சொல், அவர் ம் என்பார். அது போதும், முடி வளர்ந்ததும் மீதியை நான் பின்னால் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

கோபம் இன்னும் தீராத உன் அம்மா,
சம்பூர்ணம் குணசேகர்