வெறும் பலகையைத் துடைத்த அக்காவுக்கு

என் செல்ல லதாக்கா,

நீ கண்மூடி ஒரு மழைக்காலமும் முடிந்துவிட்டது. டாக்குரியா பள்ளியை விட்டு நானும் வந்துவிட்டேன், தெரியுமா? இப்போது ஒன்றாம் வகுப்புக்குப் பாடத்திட்டம் எழுதும் அலுவலகத்தில் வேலை. மேசை, கணினி, ஏசி எல்லாம் உண்டு. பார்க்கிறவர்கள் பதவி உயர்வு என்கிறார்கள். நமக்குள் என்ன, நான் ஓடித்தான் வந்தேன். நம் இரண்டு வகுப்புக்கும் நடுவில் இருந்த மரத்தட்டிக்கு அப்பாலிருந்து வேறொருத்தி குரலைக் கேட்க என்னால் முடியவில்லை.

பிள்ளைகள் உன்னை பொரோ மிஸ் என்றும் என்னை சோட்டோ மிஸ் என்றும் கூப்பிடுவார்களே. பெரிய மிஸ் போன பிறகு சின்ன மிஸ் எதற்கு?

இங்கே வந்து நன்றாக மாட்டிக்கொண்டேன், அக்கா. ஆசிரியர் கையேடு எழுதச் சொன்னார்கள். கேள்வி கேட்டுவிட்டு நீ என்ன செய்வாய்? திரும்பி நின்று, ஒன்றுமே எழுதாத கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருப்பாய். ஒருநாள் நான் கேலி செய்தபோது, "மூஞ்சியையே பார்த்துட்டு நின்னா பயந்துடும்டி. அதுங்க யோசிக்க வேண்டாமா?" என்றாய். தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கு டஸ்டர் சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் மெல்ல ஒரு குரல் எழும்பும்.

அதைத்தான் எழுதினேன். ஒவ்வொரு கேள்விக்குக் கீழும், ‘சற்றுப் பொறுக்கவும்’ என்று வங்காள மொழியில்.

போன வாரம் கார்டன் ரீச் பக்கம் ஒரு பள்ளியில் சோதித்துப் பார்த்தோம். புது டீச்சர், சின்னப் பெண். நாங்கள் பின்னால் உட்கார்ந்திருந்த பயத்தில் கையேட்டை விட்டுக் கண்ணையே எடுக்கவில்லை. ஏழு மாம்பழத்தில் மூன்று போனால் எத்தனை என்று கேட்டாள். அதே மூச்சில் கீழே இருந்ததையும் படித்தாள்: "ஏக்டு ஒபேக்கா கொருன்." பிள்ளைகள் மொத்தமும் கோரஸாக, "ஏக்டு ஒபேக்கா கொருன்!" என்றன. அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு கடைசி பெஞ்சில் ஒரு பெண் குழந்தையைப் பார்த்தேன். மடியில் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

மேலதிகாரி ஷர்மிளாதி, "இதுக்குப் போய் அழறியா பத்மா? சாய்ந்த எழுத்துல போட்டுடு, சத்தமா படிக்க மாட்டாங்க" என்கிறார். இல்லையென்றால் அந்த வரியையே எடுத்துவிடலாமாம். புத்தகம் அச்சுக்குக் காத்திருக்கிறது. எத்தனை வகுப்புகளுக்குப் போகும், எத்தனை வாய்கள் இப்படித் திறந்து மூடும்? எழுதுகிறேன், அழிக்கிறேன். பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. நீ சும்மா நின்றதை நான் எப்படி எழுதுவேன்? கரியாஹாட் கடைத்தெருவில் ஒரு புடவைக்கு அத்தனை நேரம் பேரம் பேசினோமே, இதைப் பற்றிப் பேசவே இல்லையே!

கையேட்டை இப்படியே அச்சுக்குக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும். நாளை கார்டன் ரீச் போகிறேன். அந்த டீச்சர் பெண்ணைப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, அதே மாம்பழக் கணக்கைக் கேட்கப்போகிறேன். கேட்டுவிட்டுத் திரும்பி நின்று வெறும் பலகையைத் துடைப்பேன். முதுகுக்குப் பின்னால் குரலே வராவிட்டால் என்ன செய்வேனோ, தெரியவில்லை.

ஆனால் இது சத்தியம், அக்கா. நாலோ ஐந்தோ, அந்தக் குழந்தை வாய்விட்டுச் சொல்லும்வரை நான் திரும்பமாட்டேன்.

உன் தங்கை பத்மா,
இன்னும் சோட்டோ மிஸ்தான்.