நகலாகாத கடல் வரைபடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்டெய்னுன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இங்கே நார்வேயில், ட்ரோண்ட்ஹைமில் மழை ஓயவில்லை, அவ்வளவுதான்.

மீட்புப் படகுகளில் பொருத்தும் சிறு கணினிக்கு நாங்கள் மென்பொருள் தயாரிக்கிறோம் அல்லவா? போன வாரச் சோதனையில் திரை ஒளிர்ந்தது; கடல் வரைபடம் மட்டும் வரவில்லை. துருவிப் பார்த்தேன். வரைபடக் கோப்பின் பெயரில் யாரோ ஓர் எழுத்தை மாற்றியிருந்ததால் அது மென்பொருளுக்குள் நகலாகவே இல்லை. 'நகலாகாவிட்டாலும் மேலே போ' என்ற பழைய கட்டளை ஒன்று அந்தத் தவறை மூடி மறைத்திருந்தது.

அந்தக் கட்டளையை நீக்கினேன். உடனே, வரைபடக் கோப்பு இல்லையென்று மென்பொருள் தயாரிப்பு பாதியிலேயே நிற்க, எல்லோருடைய வேலையும் நின்றுவிட்டது.

"ஏம்மா, என்னத்தப் பண்ணித் தொலைச்ச?" என்று கத்தினார் எங்கள் தலைவர் ஓட்வார்.

"இங்க நின்னதே நல்லதுங்க. நடுக்கடல்ல வரைபடம் இல்லாம நின்னா யாரப் பாத்துக் கத்துவீங்க?" என்றேன்.

கோப்பின் பெயரைத் திருத்தினேன். நேற்று அலையில் ஆடிய படகில் வரைபடம் பளிச்சென்று விரிந்தது! ஓட்வார் தன் தொப்பியை என் தலையில் கவிழ்த்து, "இனிமே நீ சரின்னு சொல்லாம ஒரு படகும் கிளம்பாது" என்றார். நான் கூத்தாடாத குறைதான்.

நம் ஐஸ்லாந்து உலர்மீன் கொஞ்சம் அனுப்புங்கள். இரண்டு பேருக்குக் காணும்படி இருக்கட்டும். இந்தத் தடவை தனியாகத் தின்னாமல் யாரையாவது சாப்பிடக் கூப்பிடப் போகிறேன்.

பேருந்து வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
ஸ்டெய்னுன்