விளக்கு வைத்த பிறகு உறைமோர்

ஜூன் 16
காலையிலிருந்தே சாரல். துணி காயவில்லை. பிளஸ் டூ விலங்கியல் வகுப்பில் பாதிப் பேர் இல்லை, ஐந்தருவியில் கிடப்பார்கள்.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன். தம்பி முருகேசின் ரத்தப் புற்றுநோய்க்கு என் ஸ்டெம் செல் முழுசாகப் பொருந்துகிறதாம். ஸ்டாஃப் ரூம் என்றும் பாராமல் கத்திவிட்டேன். அவன் பிழைக்க இது ஒன்றுதான் வழி.

வீட்டில் சொன்னதும் அத்தைக்குள்ளிருந்த மாமியார் எழுந்துவிட்டார். "எலும்புக்குள்ள இருக்கதக் குடுத்துட்டு, நாளைக்கு ஒரு புள்ளயப் பெத்து எப்பிடி வளப்ப?"

அந்நேரம் பக்கத்து வீட்டுச் செல்வி கிண்ணத்தோடு உறைமோர் கேட்டு வந்தாள். "விளக்கு வச்சாச்சுல்லா. காலைல வா," என்று அத்தை திருப்பி அனுப்பினார். இருட்டினால் உறைமோர் வெளியே போகக் கூடாது. வீட்டுச் செல்வமும் கூடவே போய்விடுமாம்.

ஜூன் 17
இட்லிக்கு நடுவே அத்தைக்குப் பாடம். ஒரு ஸ்டெம் செல் இரண்டாகும். ஒன்று ரத்தமாகப் போகும், மற்றது பழையபடி இருக்கும். பெரும்பாலானவை எலும்பு மஜ்ஜைக்குள் சும்மா படுத்துக் கிடக்கும். சுற்றியுள்ள செல்களே அடக்கி வைக்கும். எல்லாம் ஒரேயடியாக வேலைக்குக் கிளம்பினால்தான் தீர்ந்துபோகும்.

"தெனமும் ஒரு கரண்டி தயிர ஒறைக்கு ஒதுக்குதீங்கல்லா, அது மாதிரி அத்த."
"தயிரும் நீயும் ஒண்ணாட்டி?"

அவர் மகன், என் வீட்டுக்காரர், ஜம்மு பட்டாளத்திலிருந்து போனில்: "நீ போ. அம்மய நான் பாத்துக்கிடுதேன்." எங்கே பார்ப்பது, ஜம்முவிலிருந்து!

ஜூன் 25
தென்காசியிலேயே தினமும் ஊசி. செல்களை ரத்தத்துக்கு விரட்டும் மருந்து. இடுப்பெலும்பு குடைகிறது. டாக்டர் முன்பே சொன்னதுதான்.

"சாரல்ல நனஞ்சிருப்ப." அத்தை திட்டிக்கொண்டே நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிட்டார். விளக்கினேன், கேட்கவில்லை. சுகமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

ஜூன் 27, மதுரை
ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்கு. வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சம் மறு கைக்கு. மூக்கு அரித்தது, சொறிய ஆளில்லை. முடிவில் ஒரு பை, தக்காளி ரச நிறம். இவ்வளவுதானா! பயமே இல்லை. முருகேசை நினைத்தபோது மட்டும் அழுதேன்.

ஜூலை 15
வெயிலும் சாரலும். என் ரத்தப் பரிசோதனை வந்தது. எல்லாம் பழையபடி.

சாயங்காலம் தம்பியே பேசினான். ஸ்பீக்கரில் போட்டேன். "எக்கா, ஒன் செல்லு ஒட்டிக்கிட்டாம். வெள்ளணு ஏறுது. இனி ஒன் ரத்தந்தான் எனக்கு. ஒன் வாய் வராம இருந்தாச் சரி."

அத்தை விளக்கேற்றப் போனார்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் செல்வி, கிண்ணத்தோடு. விளக்கைப் பார்த்ததும் திரும்பினாள்.

"ஏட்டி செல்வி, எங்கன போற?" அத்தைதான். "கிண்ணத்தக் கொண்டா."