ஜெயகரன் அங்கிளுக்குக் குழந்தை பிறந்த வாரம்

4 ஜூலை 2025, வெள்ளி
மாரிகுப்பம் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. லேப்டாப்பைத் திறந்து, சபை அறிவிப்புத் தாளுக்கான ஜாவாஸ்கிரிப்ட் நிரலை முடித்தேன். இனி போதகர் ஐயா யார் பெயரையும் முழுதாகத் தட்ட வேண்டாம். முதல் இரண்டு எழுத்து போதும்; அப்படித் தொடங்கும் பெயரைச் சபைப் பட்டியலிலிருந்து அதுவே நிரப்பும். 'ஈவ்' என்றால் ஈவ்லின். என்ன அழகு!
ஞாயிறு மாலை எனக்கு வின்னியைப் பெண் கேட்கப் போகிறோம். அவள் அப்பா ஜெயகரன் அங்கிள் மைன்ஸில் மணிச் சைகை கேட்டு, சுரங்கத்துக்குள் ஆள் இறங்கும் கூண்டான கேஜை ஏற்றி இறக்கியவர். சிரித்து நான் பார்த்ததில்லை.

6 ஜூலை, ஞாயிறு
ஐயோ.
போதகர் 'ஜெய' என்று தட்டியிருக்கிறார். தாளில் வந்ததை அப்படியே வாசித்தார்: "நமது சபையின் ஜெயகரன் அவர்களுக்குச் சுகப்பிரசவத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்."
பெற்றது நந்திதுர்க் பகுதி ஜெயசீலி அக்கா!
முதலில் பாடகர் குழுவில் எல்வினுக்கு விக்கல். அவ்வளவுதான், சபையே குலுங்கியது. மூன்றாம் வரிசையில் அங்கிள் எழுந்தார். அவருக்கு முன்னால் அவர் வயிறு எழுந்தது — அதுதான் வினை.
பெண் கேட்கப் போகவில்லை. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது?

7 ஜூலை, திங்கள்
குழந்தைக்கு என்ன பெயர் என்று ரயிலில் மூன்று பேர் கேட்டார்கள்.

9 ஜூலை, புதன்
வின்னி போன் செய்தாள். "யாரோ பூண்டுக் குழம்பு குடுத்தனுப்பிகிறாங்க. பால் ஊறுமாம். அப்பா கதவே தொறக்கல. இன்னா பண்ணி வெச்சிகிற நோயல்?"
தப்பைக் கண்டுபிடித்துவிட்டேன். நிரலில் 'ஃபைண்ட்' போட்டிருக்கிறேன். பொருந்துகிற முதல் பெயரோடு அது நின்றுவிடும். ஜெயகரன் முன்னால், ஜெயசீலி பின்னால். 'ஃபில்டர்' போட்டிருந்தால் இருவரையும் காட்டியிருக்கும். ஒரே ஒரு வார்த்தை!
போதகர் மேல் பழியைப் போட்டுவிடலாமா? சே. எழுதினது நான்தானே.

12 ஜூலை, சனி
போனேன். "தப்பு என்னுது அங்கிள்" என்றேன். என் லேப்டாப் பையைப் பார்த்தார். "எப்டி ஆச்சு, காட்டு."
காட்டினேன்.
"ஜெய-ன்னா நானும் வரேன், அவளும் வரா. அப்ப யாருன்னு கேக்க வேணாமா? மொத மணி கேட்டதும் கேஜ எடுத்தா இன்னா ஆவும்? ஆளு பாதி உள்ள, பாதி வெளிய!"
அங்கேயே திருத்தினேன். ஒற்றை விரலால் 'ஜெய' தட்டினார். இரண்டு பெயரும் வந்தன. விடவில்லை, பட்டியலில் இருந்த நூற்று எண்பது பேரையும் தட்டிப் பார்த்தார். ஆன்ட்டி மூன்று முறை காபி கொடுத்தார். கடைசியில், "தாயும் சேயும் நலமாமே..." என்று அங்கிள் முணுமுணுத்தார். வயிறு குலுங்கியது. எனக்குப் பயம். அப்புறம்தான் புரிந்தது — சிரிக்கிறார்!

20 ஜூலை, ஞாயிறு
அம்மா அப்பாவோடு பெண் கேட்கப் போனேன். "பொண்ணு சரின்னா எனக்கும் சரி" என்றார் அங்கிள். அவர் முடிப்பதற்குள் சமையலறையிலிருந்து வின்னி "சரி" என்றாள்.
கிளம்பும்போது "வரேன் அங்கிள்" என்றேன்.
"இன்னும் இன்னா அங்கிள்? மாமான்னு கூப்புடு."
குனிந்து ரொம்ப நேரம் செருப்பைத் தேடினேன். காலில்தான் போட்டிருந்தேன்.