குங்குமம் வைத்த சிறுத்தை

மார்ச் 7, வெள்ளி

சிறுத்தை வந்துவிட்டது. கூரியர்காரன் மாகறல் ரோட்டில் நின்றுகொண்டு வழி தெரியவில்லை என்று போன் பண்ணினான். நானே போய் வாங்கி வந்தேன். பெட்டியைப் பிரித்தால், அப்பா! உள்ளங்கையில் அடங்குகிற பொம்மைதான், உசுரு ஒன்றுதான் இல்லை. மீசை முளைக்கிற இடத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி. பாதத்தைத் திருப்பினால் அடியில் சதை மெத்தை. வாலைத் தூக்கிப் பார்த்தேன், அங்கேயும் ஒரு குறை வைக்கவில்லை. சிவ சிவா.

அண்ணன் மகள் இளவரசிதான் சென்னையிலிருந்து ஆர்டர் போட்டாள். முதலில் ஐயப்பனுக்கு என்று ஒரு புலி வாங்கித் தந்தவளும் அவள்தான். அப்புறம் அம்மனுக்குச் சிங்கம், இந்திரனுக்கு யானை. இப்போது டிவிக்குக் கீழே கண்ணாடி அலமாரி பூராவும் காடு. காண்டாமிருகம், நீர்யானை, கரடி, ஒட்டகச்சிவிங்கி.

"அத்த, ஒட்டகச்சிவிங்கி எந்த சாமிக்கு வாகனம்?" என்று போனில் கிண்டல்.

"எதுனா ஒரு சாமி இன்னும் நடந்தே போய்க்கினு இருக்கும்டி. அதுக்கு ஆவும்" என்றேன்.

வெள்ளிக்கிழமை வழக்கப்படி எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்தேன். தீக்குச்சி முனையால் வைக்க வேண்டும், விரலால் வைத்தால் மூஞ்சியெல்லாம் அப்பிக்கொள்ளும். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "கொரங்குக்கும் பொட்டா? அப்பிடியே எனக்கும் ஒண்ணு வையி" என்று நெற்றியை நீட்டினார். என்னைச் சீண்டாவிட்டால் அந்த மனுசனுக்குச் சோறு இறங்காது.

மார்ச் 9, ஞாயிறு

ஏரியோரக் கொல்லையில் வேர்க்கடலை முற்றிவிட்டது. ஒரு செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பார்த்தேன், தோல் உள்ளே கறுத்திருக்கிறது. சிட்டம்மாள் புதன்கிழமை ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறாள். எங்கள் கொல்லைக்கு ஆள் சேர்ப்பது எப்போதும் அவள்தான்.

சிறுத்தையை முந்தானையில் முடிந்து கொண்டுபோயிருந்தேன். வரப்புமேல் நிற்கவைத்து, போனைத் தலைகீழாகத் தரையோடு வைத்துப் படம் எடுத்தேன். இளவரசி சொல்லிக் கொடுத்த வித்தை. பார்த்தால் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. புல் புதராகிவிட்டது, கூழாங்கல் பாறையாகிவிட்டது. 'நம்ம ஏரிக் கொல்லைக்கு யார் வந்திருக்கிறார் பாருங்கள்' என்று எழுதிக் குடும்ப குரூப்பில் போட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

பிரதோஷத்துக்கு மாகறல் கோயிலுக்குப் போனேன். நந்திக்கு அபிஷேகம் நடக்கிறது. பக்கத்தில் நின்ற பெண் போனை என் மூஞ்சிக்கு நேராக நீட்டினாள்.

"அக்கா, உங்க ஊரு ஏரியில சிறுத்தை பூந்துக்கீதாமே? நெத்தியில ரத்தம் பாரு. எதையோ அடிச்சிட்டு வந்துகீது."

பார்த்தேன்.

என் சிறுத்தை. என் குங்குமம்.

நான் எழுதினது ஒண்ணும் அதுல இல்ல. அதுக்குப் பதிலா படத்தோட யாரோ ஒரு ஆம்பளை குரலு, "யாரும் தனியா போவாதீங்க"ன்னு. எப்படி அங்க போச்சி? நம்ம குடும்பத்துல யாரு அனுப்பினது? தீபாராதனை எப்போது காட்டினார்கள், எப்படி பஸ் ஏறினேன், ஒன்றும் நினைவில்லை.

மார்ச் 12, புதன்

அவரிடம் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். காட்டிலாகா ஜீப் ஏரிக்கரையில் வந்து நின்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, ஏரிப் பக்கம் யாரும் போகக் கூடாது, ஆடு மாடு ஓட்டக் கூடாது என்று கத்திக்கொண்டு போகிறார்கள். சிட்டம்மாளும் ஆட்களும் கடலை பிடுங்க வரவில்லை. எப்படி வருவார்கள்?

"வதந்தி பரப்புனா கேஸு. தெரியுமா?" என்றார் அவர். "ஊருக்கே ஸ்பீக்கரு மாதிரி பேசுவ. இத்த மட்டும் முழுங்கிடு. நாலு நாள்ல மறந்துடுவானுங்க."

பயந்துபோய் போனிலிருந்தும் குரூப்பிலிருந்தும் அந்தப் படத்தை அழித்துவிட்டேன். அவசரத்தில் பக்கத்தில் இருந்த கரடிப் படமும் போய்விட்டது.

இளவரசி, "சொல்லிடு அத்த, இன்னிக்கே சொல்லிடு" என்கிறாள். அவளுக்கு என்ன, சென்னையில் இருக்கிறாள்.

மார்ச் 13, வியாழன்

இன்று யாரிடமும் பேசவில்லை. பால் வாங்க வந்தவள் "ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மார்ச் 14, வெள்ளி

சாயந்திரம் சிட்டம்மாள் ஆடுகளுக்குக் கழுநீர் வாங்க வந்தாள். முகம் வற்றிப்போயிருக்கிறது.

"கட்டிப் போட்டா எதத் துன்னும் யம்மா? வேப்பங்கொழய ஒடிச்சிப் போட்டேன், அதுவும் தீந்துபோச்சி. ராவெல்லாம் கத்துதுங்க. பொறுக்க முடியல. நாளைக்கி யாவாரி வரான், எல்லாத்தையும் ஏத்தி வுட்டுடப் போறேன்."

"எல்லாத்தையுமா?"

"இன்னா பண்றது? வுட்டு வெச்சா சிறுத்தை துன்னப் போவுது. பழையசீவரத்துல ஒரு கொழந்தய இழுத்துக்கினு போய்டுச்சாமே?"

கொழந்தையா! நெற்றியில் ஒரு பொட்டு. அதற்குள் ஊர் வாயில் ஒரு கொழந்தையே செத்துவிட்டது, ஈஸ்வரா.

அவள் மகள் நிஷா நர்சிங் படிக்கிறாள். அந்த ஆடுகள்தான் அவள் படிப்பு. ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு கிடா என்று கணக்கு வைத்துச் சிட்டம்மாள் வளர்க்கிறாள். சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து அவர் இருமினார். குடத்தில் கழுநீரை ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நான் மனுஷிதானா? விளக்கு முன்னால் உட்கார்ந்தேன். கும்பிடக் கை எழவில்லை.

மார்ச் 15, சனி

சொல்லிவிட்டேன். ஆனால் நடந்தது வேறு.

அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, சிறுத்தையைக் கையில் பிடித்துக்கொண்டு சிட்டம்மாள் தெருவுக்கு ஓடினேன். வியாபாரியின் வண்டி நிற்கிறது. இரண்டு ஆடு ஏற்றியாகிவிட்டது. வார்டு மெம்பர் வெங்கடேசனும் அங்கே இருந்தார்.

"நிறுத்து! சிறுத்தையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதான் அது. நான்தான் போட்டோ புடிச்சேன். அது ரத்தம் இல்ல, குங்குமம்!"

தெருவே என் கையைப் பார்த்தது. அப்புறம் ஒரு சிரிப்புக் கிளம்பியது பாருங்கள், அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

சிட்டம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "கடலை முத்திப் போச்சி, அதானே யம்மா?" என்றாள்.

"இன்னாடி சொல்ற?"

"ஆளு வரலன்னதும் பொம்மயத் தூக்கிக்கினு வந்துட்ட. உன் கடலை காஞ்சி போவுதுன்னா எங்கள இட்டுக்கினு போய் சிறுத்தைகிட்ட நிறுத்துவியா?"

பொய் சொல்கிறேன் என்கிறாள். என்னை! இத்தனை வருஷப் பழக்கத்தில் என்னைப் பற்றி அவள் மனதில் இருந்தது இதுதானா? யோசித்துப் பார்த்தால் அவள்மேல் என்ன தப்பு? நேற்று வாசலில் வந்து நின்றவளிடம் நான் என்ன சொன்னேன்?

வேறே படம் எடுத்துக் காட்டுகிறேன் என்றேன். "இப்பல்லாம் போன்ல எதை வேணா ஜோடிக்கலாம் அக்கா, நம்ப முடியாது" என்றார் வெங்கடேசன். அந்தப் படத்தை மட்டும் எப்படி நம்பினாராம்? முதலில் எடுத்ததைக் காட்டலாம் என்றால், நான்தான் அழித்துத் தொலைத்தேனே.

எங்கிருந்து வந்ததோ, சொல்லிவிட்டேன்: "மீதி ஆட்ட ஏத்தாத. நாளையிலருந்து நான் ஏரிக்கு ஓட்டிக்கினு போறேன், தனியா. ஒண்ணு கொறஞ்சாலும் எங்க வூட்டுக் கறவ மாட்ட அவுத்துக்கினு போ."

சிட்டம்மாள் மீதியைத் திரும்பக் கொண்டுபோய்க் கட்டினாள். ஏற்றின இரண்டையும் வியாபாரி திருப்பித் தரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஆடு மேய்ப்பது சுலபம் என்று நினைத்தேன்! ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. ஒரு கிடா கத்தரித் தோட்டத்துக்குள்ளே பூந்துவிட்டது. ஓடினதில் செருப்பு அறுந்தது. கரைமேல் ஊரே நின்று தெருக்கூத்து பார்க்கிற மாதிரி பார்க்கிறது. நடுவில் அவர், "ஏய், மானத்த வாங்காத, வந்துடுடி!" என்று கத்துகிறார். நான் திரும்பவில்லை.

ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும். உச்சி வெயிலில் வேலிக்காத்தான் புதர் அசைந்தது. ஒரு செம்பூத்துப் பறவைதான். ஆனால் எனக்கு முதுகெல்லாம் சில்லிட்டுப் போச்சி, கந்தர் சஷ்டி கவசம் வாயில் வரவில்லை. அலமாரியில் இருக்கிற பொம்மைக்கு நானே பயந்தேன்! அப்புறம் ஊர்க்காரர்களை என்ன சொல்ல?

மார்ச் 17, திங்கள்

கால் இரண்டும் வீங்கிவிட்டது. போனேன்.

மார்ச் 18, செவ்வாய்

மத்தியானம் அவர் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தார். உட்கார்ந்து ஆடுகளைப் பார்த்துக்கொண்டார். "டீக்கடையில சொல்லிட்டேன். காட்டிலாகாவுக்கும் போன் போட்டாச்சி. கேஸு போட்டா போடட்டும்" என்றார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "அரமணி நேரம் திட்டுனான்" என்று மோரை ஊற்றிக்கொண்டார்.

மார்ச் 19, புதன்

சிட்டம்மாள் கரையிலிருந்து இறங்கி வந்தாள்.

"ஆட்ட இப்பிடியா ஓட்டுவாங்க? நீ அதுங்கள மேய்க்கிறியா, அதுங்க உன்ன மேய்க்குதா?"

ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. போன இரண்டையும் பற்றி நானே கேட்டேன்.

"அதுல ஒண்ணு செனை" என்றாள்.

என் கையிலிருந்த ஆடு ஓட்டும் கொம்பை வாங்கிக்கொண்டாள். "நாளைக்கி ஆளுங்கள இட்டாறேன். ஆனா நீயும் எறங்கிப் புடுங்கணும், எங்களோட. வரப்புல நின்னுக்கினு இருந்தா ஒருத்தியும் வர மாட்டா."

மார்ச் 20, வியாழன்

கடலை பிடுங்க ஆரம்பித்தாயிற்று. ஏரியை ஒட்டின வரிசையை எனக்கு விட்டார்கள். அதில் இறங்க இன்னும் யாருக்கும் தைரியம் வரவில்லை, எல்லாரும் ரோட்டுப் பக்கமே. காலையெல்லாம் நான் மட்டும் தனியாகக் குனிந்துகிடந்தேன்.

கஞ்சி குடித்துவிட்டு வந்து நிமிர்ந்து பார்க்கிறேன், பக்கத்து வரிசையில் சிட்டம்மாள். ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிடுங்கிக்கொண்டிருந்தாள்.