சொல் வைக்காத இடம்

காமயகவுண்டன்பட்டி
12.2.2025

ஏலே கருவாயா,

நலமா என்று கேட்டு எழுதத்தான் கை வருகிறது. நீ போய் இன்றோடு இருபத்தேழு நாள்.

பாட்டுப் பதியும்போது கதவைத் தட்டாதே என்பாய். அதனால் சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி, சோற்றுத் தூக்குவாளி மூடிக்குள் வைத்து வாசலில் வைப்பேன். நீ அதன் பின்பக்கமே பதில் எழுதிக் காலி வாளியில் போடுவாய். உன்னோடு வேறு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. இதையும் வாளியில்தான் வைக்கப் போகிறேன். நாலாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

நேற்று வீரபாண்டி விழாக் கமிட்டியிலிருந்து மலைச்சாமி அண்ணன் வந்தார். சித்திரைத் திருவிழாவில் பாட நீ தாம்பூலம் வாங்கியிருந்தாய் அல்லவா, அதைத் திரும்ப வாங்கிப் போக வந்திருக்கிறார்.

"எழவு வீடுத்தா. வருசம் திரும்பாம கோயில் எல்லைய மிதிக்கக் கூடாது. வேற செட்டுக்குக் குடுத்துருவோம்னு கமிட்டியில சொல்றாக."

"நான் மிதிக்கல. பாடப்போறது சாராளு, ஆர்மோனியப் பெட்டி வாசிக்கப்போறது வினோத்ராசு. அதுக வீட்டுல எழவு விழலையே."

"அந்தப் புள்ளைய மேடை ஏத்துனது, தேதி வாங்குனது, வண்டி, மைக்செட்டு எல்லாம் ஒன் தம்பிதான பாத்தான். இனி யாரு பாக்குறது?"

"நான் பாப்பேன்."

"ஒனக்குப் போன்ல நம்பரே போடத் தெரியாதேத்தா."

"பச்சைய அமுக்குனா பேசலாம், சிவப்ப அமுக்குனா நிக்கும். அம்புட்டுத்தானண்ணே."

தாம்பூலத்தைக் கேட்காமலே போய்விட்டார்.

இன்றுதான் உன் ரெக்கார்டிங் அறையைத் திறந்தேன். வாளி கழுவாமல் கிடந்தது. மூடிக்குள் உன் சீட்டு. நான்கு தடவை படித்தேன். இதோடு சேர்த்தே வைக்கிறேன்.

உன் அக்கா
முத்துப்பேச்சி


16.1.2025, மதியம்

அக்கா,

மொச்சைக் குழம்பு அருமை, உப்புத்தான் தூக்கல். கவாத்து வெட்டிய கைக்கு எண்ணெய் தேய்த்தாயா, இல்லையா?

திருவிழாப் பாட்டு முடிந்த மாதிரிதான். சாராளுக்கு வழிகாட்ட நானே ஒருமுறை பாடிப் பதிந்திருக்கிறேன். அவள் பாடியதும் என் குரலை அழித்துவிடுவேன். கடைசி அடியில் ஒரு சொல் மட்டும் சிக்காமல், அந்த இடத்தில் தானனா என்று இழுத்து வைத்திருந்தேன். பத்து நாளாக வராத சொல் இப்போது சோறு தின்னும்போது வந்துவிட்டது. இதில் எழுதமாட்டேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

சின்னமனூர் போய் மைக் வயர் வாங்கிக்கொண்டு சாயங்காலம் வருகிறேன்.

கருவாயன்


காமயகவுண்டன்பட்டி
9.3.2025

கருவாயா,

உப்பைக் குறைத்துத்தான் போடுகிறேன். வீட்டில் சப்பென்று இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும்.

லாரி உன்னை அடித்த இடத்தில் கிடந்த வயரைப் போலீஸ் ஸ்டேசனில் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்தேன். சுருள்கூடப் பிரியவில்லை. அதைத்தான் சாராள் பாடும் மைக்கில் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

சென்னையிலிருந்து ஒரு பாட்டுக் கம்பெனிக்காரர் போன் செய்தார். சாராள் பாடிக்காட்டக் கேட்டாராம். "கடைசி வரியில எங்க கவிஞர் சொல்லு போட்டு முடிச்சிடுவார். பாட்டும் அவர் பேர்ல வரும்மா" என்றார்.

"ஒரு சொல்லு போட்டா பாட்டே அவருதா?"

"இது உங்களுக்குப் புரியாதும்மா."

"திராட்சத் தோட்டத்துல நான் ஒரு குலைய வெட்டுனா பந்தல் எனக்காயிருமா சார்?"

அவர் என்னவோ இங்கிலீசில் ஆரம்பித்தார். சிவப்பை அமுக்கினேன்.

சாராள் முகம் வாடிவிட்டது. "பெரிய கம்பெனிக்கா. எனக்கும் ஆசையாத்தான் இருக்கு" என்று மறைக்காமல் சொன்னாள். கோபம் வரவில்லை. "போகணும்னா போத்தா. இந்தப் பாட்ட என் தம்பி பேரச் சொல்லிப் பாடிட்டுப் போ" என்றேன். அன்றைக்கே பாடிப் பதிந்து முடித்தாள்.

பிறகு வினோத்ராஜ் என்னைப் பார்த்தான். "அண்ணன் குரல அழிக்கணும்க்கா. ரெண்டு குரலும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது. நீங்க சொன்னாத்தான் அழிப்பேன்."

இருபது வருசமாகப் பச்சைத் திராட்சைக் கொடியை வெட்டுகிறேன், ஒருநாளும் தயங்கியதில்லை. வெட்டினால்தான் காய்க்கும் என்று தெரியும். இதற்கு அவனை இரண்டு தடவை கேட்க வைத்தேன். அழி என்று சொல்லிவிட்டேன். அந்தத் தானனாவை மட்டும் தொடாதே என்றேன்.

"அங்கன சாராளு என்னக்கா பாடுறது?"

"வாய மூடிக்கிறட்டும். அந்த எடம் அவனோடது."

உன் அக்கா
முத்துப்பேச்சி


காமயகவுண்டன்பட்டி
14.5.2025

கருவாயா,

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரத்துக்கு வண்டியை வீரபாண்டி ஆற்றங்கரையில் கொண்டு நிறுத்தினேன். நான் ஆற்றுக்கு இந்தக் கரையிலேயே இறங்கிக்கொண்டேன். எல்லையை மிதிக்கமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். சாராளையும் வினோத்ராஜையும் மட்டும் அக்கரைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, வெள்ளரிக்காய் விற்கும் ஒரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மைக்செட்டுக் குழாயில் முதலில் உன் பேர் வந்தது. "பாட்டும் மெட்டும் காமயகவுண்டன்பட்டி விஜய்பாண்டி." இரண்டு தடவை சொல்லச் சொல்லியிருந்தேன். வினோத்ராஜ் மூன்று தடவை சொன்னான்.

சாராள் ஒரு இடம் பிசகாமல் பாடினாள். கடைசி அடியில் நிறுத்தினாள். அப்புறம் நீ வந்தாய்.

இழவு வீடு என்று நான் கரையிலே நிற்கிறேன், நீ பாட்டுக்கு உள்ளே போய்விட்டாய். கமிட்டியில் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்வேன்.

வெள்ளரிக்காய் அம்மா கத்தியை நிறுத்திவிட்டு, "கடைசியில ஒரு ஆம்பளக் குரல் வருதே, என்ன சொல்லு அது?" என்று கேட்டாள்.

"தானனான்னு வருது."

"அது கேக்குது. அந்த எடத்துல என்ன சொல்லு இருக்கணும்?"

"தெரியலத்தா. சொல்றேன்னுட்டுப் போனான்" என்றேன். அவள் ஒரு காயைப் பிளந்து, உப்புத் தடவி என் கையில் வைத்தாள்.

திரும்பும்போது சாராள் கம்பெனிப் பேச்சை எடுக்கவில்லை. "அடுத்த தேதி எங்கனக்கா?" என்றுதான் கேட்டாள். சுருளிப்பட்டியில் ஒன்று பேசியிருக்கிறேன். இன்று காலை மலைச்சாமி அண்ணனும் தாம்பூலத் தட்டோடு வந்தார். "அடுத்த சித்திரைக்குள்ள வருசம் திரும்பிரும். நீயும் உள்ள வந்து கேளுத்தா" என்றார். நீ வாங்குவது போலவே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அதே பாட்டுத்தான், அந்த இடத்தில் யாரையும் சொல் வைக்க விடமாட்டேன்.

இந்தச் சீட்டின் பின்பக்கத்தை வெறுமனே விட்டிருக்கிறேன்.

உன் அக்கா
முத்துப்பேச்சி

அன்றைக்குச் சோறு தின்னும்போது உனக்கு வந்த சொல் என்னலே?