கவர்னரும் காலஃபாத்தே ஜாமும்

மார்ச் 4
இன்றைய காற்று என் தகரக் கூரையை அர்ஜென்டினாவுக்கு ஏற்றுமதி செய்யப் பார்த்தது. உலகத்தின் தென்கோடியில், எங்கள் புன்டா அரேனாஸில் குடை விற்க வந்தவன் குடையோடு பறந்துபோனான் என்று நானே வதந்தி கிளப்பியிருக்கிறேன். யாரிடம்? கவர்னரிடம். மலம் வெளியேற என் வயிற்றில் டாக்டர்கள் திறந்த வாசலுக்கு நான் வைத்த பெயர் அதுதான். பையில் அரசாணை வெளியிடுவார். இன்று நான் பேசிய ஒரே ஆள்.

மார்ச் 9
மிச்சமிருக்கும் பெருங்குடலில் காளான் மாதிரி ஒரு கட்டி. டாக்டர் யூத்ரோனிச் அம்மா சொன்னார்: "இன்னும் புற்றா மாறல. வயித்து வாசல் வழியாவே கேமராக் குழாயை விட்டு, சுருக்குப் போட்டு எடுத்துடலாம். விட்டா மிச்சக் குடலும் போயிடும். துணைக்கு யார் வருவாங்க?"
பட்டாளமே வரும் என்றேன்.

மார்ச் 15
அக்கா மகள் சாந்தியாகோவில். போன் எடுக்கவில்லை.
எதிர்வீட்டு நோல்பா, ஷேர் டாக்ஸி ஓட்டுகிறவள், துணைக்கு வர ஒப்புக்கொண்டாள். "உங்க பட்டாளத்துல நான் எத்தனையாவது சிப்பாய், டோன் எலியேசெர்?"
"தளபதி."
"அப்ப சிப்பாய் யாருமே இல்லையா?"

மார்ச் 17, மாலை
நாளைக்குக் கட்டி எடுக்கிறார்கள். பேதி மருந்து கடலளவு குடித்தேன். கவர்னர் பிரளயம் நடத்துகிறார். விதையுள்ளது, கருநிறமானது எதுவும் தின்னக் கூடாதாம்.
பயமா? எனக்கா? — பயமாத்தான் இருக்கு. போனா வருவேனா?
விதை நிறைந்த எங்கள் கருநீலக் காலஃபாத்தே பழத்தைத் தின்றவன் இந்த ஊருக்குத் திரும்பியே தீருவான் என்பது ஊர் நம்பிக்கை. கப்பலேறுகிற எல்லாருக்கும் ஊட்டித்தானே அனுப்புகிறோம்? ஜாம் ஒரு ஸ்பூன். சரி, மூன்று.

மார்ச் 18
கேமராவில் ஊதாச் சேறு. விதைகள். டாக்டரம்மாவும் இந்த ஊர்க்காரி. ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். "திரும்பி வரணும்னு தின்னீங்களா? வருவீங்க. அடுத்த வாரம், இதே கட்டிலுக்கு!"
கட்டி உள்ளேயே இருக்கிறது. டாக்ஸியில் கொண்டுவந்து விட்ட நோல்பா, வீட்டுக்குள் வந்து ஜாம் பாட்டிலைப் பறிமுதல் செய்துகொண்டு போனாள்.

மார்ச் 25
எடுத்தாயிற்று. இனி பரிசோதனை முடிவு.

ஏப்ரல் 2
காற்று. கவர்னர். நான்.

ஏப்ரல் 8
கட்டி சாதுவாம். முழுசா வந்துவிட்டதாம். கூரைமேல் ஏறிக் கூவியிருப்பேன், யாராவது கேட்பதாக இருந்தால்.
நோல்பா பாட்டிலைத் திருப்பித் தர வந்தாள். ரொட்டியில் ஜாம் தடவிக் கொடுத்தேன்.
"இவ்ளோ தடிமனாவா?"
"தின்னுங்க."
தின்றாள். போனாள். டீக் கெண்டி ஆறியது. எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.
கதவு தட்டும் சத்தம். நோல்பாதான். குடையை மறந்து வைத்துவிட்டாளாம்.
குடையா? இந்த ஊரிலா?
உட்காருங்க, நிதானமா தேடலாம் என்றேன்.